துளிக்குள் தெரிவது என்ன? புரதப் பளிங்கு வளர்க்கத் தொடங்குவோருக்கு

இலங்கை மலையகத்து ஹற்றனில் சனிக்கிழமை வகுப்புக்கு வருகிற உயர்தரப் பிள்ளைகளுக்கு முதல் நாளே ஒன்றைச் சொல்லிவிடுவேன்: நுணுக்குக்காட்டியில் தெரிகிறதற்கு உடனே பெயர் வைக்காதீர்கள். பளிங்கு வளர்க்க வைத்த புரதத் துளிக்குள் ஊசி தெரியும், பன்னத்தின் இலை தெரியும், ரசத்தில் மிதக்கிற எண்ணெய்ப் பொட்டு தெரியும், சில நாள் பஞ்சுமிட்டாய் போல ஒன்று தெரியும். உண்மையான புரதப் பளிங்கு இவற்றுக்கு நடுவில் எப்போதாவதுதான் வரும். வந்திருப்பது என்ன என்று கண்டுபிடிக்கத் தெரிந்தால் அடுத்த துளித் தட்டைத் திருத்தி வைக்கலாம். தெரியாவிட்டால் அதே தட்டையே ஐந்து தடவை வைத்துக்கொண்டிருப்பீர்கள். நான் வைத்திருக்கிறேன்.

நம் பாடப்புத்தகம் பளிங்கு என்பதைத்தான் தமிழ்நாட்டில் படிகம் என்கிறார்கள். இரண்டும் ஒன்று.

இந்தத் துறையே யாரும் எதிர்பாராத ஒரு காட்சியில் தொடங்கியதுதான். 1840இல் ஹூனெஃபெல்ட் என்ற ஜெர்மானியர், மண்புழுவின் இரத்தத்தை இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையில் காயவிட்டபோது அதில் பளிங்குகள் இருக்கக் கண்டார். அது ஈமோகுளோபின். அப்புறம் 1926இல் ஜேம்ஸ் சம்னர். நம் வாளவரைக்கு உறவான ஓர் அவரையின் மாவை அசற்றோன் கலந்த நீரில் ஊறவைத்து, வடித்து, இரவு குளிரில் விட்டார். காலையில் பார்த்தால் எண்முகப் பளிங்குகள்: யூரியேசு என்ற நொதியம். நொதியம் என்பது ஒரு புரதம்தான் என்று அவர் சொன்னதைப் பெரிய பெரிய ஆட்கள் பல வருடம் நம்பவில்லை. 1946இல் நோபல் பரிசு கிடைத்தது. பதினேழு வயதில் வேட்டைக்குப் போன இடத்தில் இடது கையை இழந்தவர் அவர். அதுவரை இடது கைப் பழக்கம் உள்ளவர். "கை நடுங்குதுங்க சேர், எனக்குத் துளி வைக்க வராது" என்கிற பிள்ளைக்கு இந்தக் கதையைச் சொல்லுவேன்.

நம் வீட்டுக் கொல்லைப் பப்பாசியின் பாலில் உள்ள பப்பேன்கூட 1937இலேயே பளிங்காகிவிட்டது. ஆனால் பப்பாசியோடு தொடங்காதீர்கள். கோழிமுட்டையோடு தொடங்குங்கள்.

வேண்டிய சாமான்

முட்டை வெள்ளைக்கருவில் லைசோசைம் என்ற புரதம் இருக்கிறது. பென்சிலினுக்கு முன்னாலேயே, 1922இல், அலெக்சாண்டர் ஃபிளெமிங் தடிமன் பிடித்த மூக்குச் சளியில் கண்டுபிடித்த பொருள் இதுதான். 129 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் புரதம். நொதியங்களுக்குள் முதன்முதலில் முப்பரிமாண வடிவம் தெரியவந்ததும் இதற்குத்தான், 1965இல். பளிங்காவதில் இவ்வளவு நல்ல பிள்ளை வேறு இல்லை.

தூளாக விற்கிறார்கள். முட்டையிலிருந்தே எடுக்கவும் வழி உண்டு. வெள்ளைக்கருவில் 5 சதவீதம் உப்புச் சேர்த்து, பி.எச். பெறுமானத்தை (அமிலமா காரமா என்று காட்டும் எண்) 9.5 அளவுக்குக் கொண்டுவந்து, பழைய லைசோசைம் பளிங்கைக் கொஞ்சம் விதையாகத் தூவிக் குளிரில் வைத்தால் சில நாளில் பளிங்கு விழும். ஆனால் அந்த விதைக்கே முதலில் ஒரு பளிங்கு வேண்டுமே! ஆகவே முதல் தடவை தூள்தான். முட்டை ஒத்துக்கொள்ளாதவர்கள் முகக்கவசம் இல்லாமல் இந்தத் தூளைத் தொடவே வேண்டாம்.

மற்றவை: சோடியம் அசற்றேற்று, அசற்றிக்கமிலம், ஆய்வுகூடத்துச் சோடியம் குளோரைட்டு, காய்ச்சி வடித்த நீர், 24 குழித் தட்டு, கவர் சிலிப் (மெல்லிய கண்ணாடி மூடித் துண்டு), கிரீஸ், மைக்ரோபிப்பெற்று (மிகச் சின்ன அளவு திரவம் எடுக்கும் கருவி), 40 மடங்கு பெருக்கிக் காட்டுகிற ஒரு நுணுக்குக்காட்டி. கடை உப்பு வேண்டாம். அதில் அயடீனும், கட்டிபடாமல் இருக்கப் போடுகிற சாமானும் கலந்திருக்கும். பீலித் தண்ணீரும் வேண்டாம், எவ்வளவு தெளிவாக இருந்தாலும் சரி. 24 குழித் தட்டு கிடைக்காவிட்டால் சின்ன மருந்துப் போத்தலின் வாயில் வாஸ்லின் பூசி, அதன்மேல் கவர் சிலிப்பைக் கவிழ்த்தாலும் வேலை நடக்கும். நாங்கள் ஆரம்பித்தது அப்படித்தான்.

பி.எச். மாறாமல் காக்கும் தாங்கற் கரைசல் 100 மில்லிலீற்றருக்கு, நீரேறிய சோடியம் அசற்றேற்று (மூன்று நீர் மூலக்கூறு உள்ள வகை) 1.36 கிராம். கொஞ்சம் குறைந்த நீரில் கரைத்து, பி.எச். 4.6 வரும்வரை அசற்றிக்கமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, அப்புறம் நீரால் 100க்கு நிரப்புங்கள். இந்தத் தாங்கற் கரைசலில் உப்பைக் கரைத்து 4, 5, 6, 7, 8, 10 சதவீதம் என்று ஆறு கரைசல். புரதத்தையும் இதே தாங்கற் கரைசலில் மில்லிலீற்றருக்கு 20, 35, 50 மில்லிகிராம் என்று மூன்று செறிவில். புரதத்தைக் குலுக்காதீர்கள். நுரை வந்தால் புரதம் கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். எல்லாவற்றையும் 0.22 மைக்ரோன் வடியால் வடித்துவிடுங்கள். இந்த ஒரு வேலையைச் சோம்பலில் விட்டால் என்ன நடக்கும் என்பது கீழே வரும்.

துளி வைப்பது

தட்டில் ஆறு நிரல், நான்கு நிரை. இடமிருந்து வலமாக உப்பு கூடிக்கொண்டு போகட்டும். மேல் மூன்று நிரையும் மூன்று புரதச் செறிவுக்கு. நான்காவது நிரையின் துளிகளில் புரதமே கிடையாது, அதற்குப் பதில் வெறும் தாங்கற் கரைசல். இதற்கு எல்லாப் பிள்ளைகளும் முகம் சுளிப்பார்கள்: "ஆறு குழி வீணாப் போகுதே சேர்." போகட்டும். அந்த ஆறு குழியும் உங்கள் மானத்தைக் காப்பாற்றும்.

ஒவ்வொரு குழியிலும் 500 மைக்ரோலீற்றர் உப்புக் கரைசல். விளிம்பில் கிரீஸ். கவர் சிலிப்பின் நடுவில் 2 மைக்ரோலீற்றர் புரதம், அதன்மேல் அந்தக் குழியின் கரைசலிலிருந்து 2 மைக்ரோலீற்றர். குமிழி விடாமல், பிப்பெற்று நுனியால் கலக்காமல், அப்படியே கவிழ்த்து மூடி மெல்லத் திருகி அமுக்குங்கள். துளி தலைகீழாகத் தொங்கும்.

துளிக்குள் உப்பு இப்போது குழியில் இருப்பதில் பாதி. துளியின் நீர் மெல்ல மெல்ல ஆவியாகிக் குழிக்குப் போகும், இரண்டு பக்கமும் சமமாகும்வரை. துளி ஏறக்குறையப் பாதியாகச் சுருங்கும். உப்பும் புரதமும் இரு மடங்காகச் செறியும். சீனிப்பாகு காய்ச்சியவர்களுக்கு இது புதிதில்லை. பதம் மெல்ல வந்தால் கற்கண்டு, தப்பினால் ஒரேயடியாகக் கட்டி. புரதத்திலும் முதலில் ஒன்றுமே நடக்காத நிலை, அப்புறம் இருக்கிற பளிங்கு மட்டும் வளரும் நிலை, அதற்கும் மேலே போனால் புதிய கரு (பளிங்கின் தொடக்கம்) பிறக்கும் நிலை, அதையும் தாண்டினால் எல்லாம் உருவமற்ற வீழ்படிவு. துளிக்குள் தெரிகிற ஒவ்வொரு காட்சிக்கும் இந்த நாலில் எங்கே நிற்கிறோம் என்ற கேள்வி முதலில் வரவேண்டும்.

முதலில் கொப்பி

வைத்த உடனே ஒரு தடவை பாருங்கள். அப்புறம் 1, 2, 3, 7, 14, 28ஆம் நாள்களில். வைத்த உடனே பார்க்காதவர்கள்தான், அன்றே விழுந்திருந்த நூல் துண்டை ஏழாம் நாளில் பளிங்கு என்று கூத்தாடுவார்கள்.

என் கொப்பியில் ஒரு பதிவு இப்படி இருக்கிறது: "இரண்டாம் நிரை, மூன்றாம் குழி. முதல் நாள் மாலை 4.10. அறை 19 பாகை. மழை. மின் 2.30 முதல் 3.15 வரை இல்லை. துளி தெளிவு. இடது விளிம்பில் வளைந்த ஒன்று, ஓரம் மங்கல், அசைத்தால் கூடவே அசைகிறது." பளிங்கு, வீழ்படிவு, பூஞ்சணம் என்ற சொல் ஒன்றும் இல்லை. கண்ணுக்குப் பட்டது மட்டும். பக்கத்தில் பென்சிலால் ஒரு படம். தொலைபேசியை வில்லையில் வைத்துப் படம் எடுக்கலாம்தான், எல்லோரும் எடுக்கிறோம். ஆனால் வரைகிற கைதான் கண்ணை உற்றுப் பார்க்க வைக்கிறது.

இடையில் மூடியைத் திறக்காதீர்கள். 1934இல் பிரித்தானிய விஞ்ஞானிகள் பேர்னலும் டொரதி குரோஃபுட்டும் முதன்முதலில் ஒரு புரதப் பளிங்கிலிருந்து தெளிவான ஊடுகதிர்ப் படம் எடுத்தார்கள். அந்தப் பெப்சின் (இரைப்பையின் நொதியம்) பளிங்கு எப்படி வளர்ந்தது தெரியுமா? சுவீடனின் உப்சாலாவில் வேலை செய்த ஒருவர், கரைசலைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டுப் பனிச்சறுக்கு விடுமுறைக்குப் போய்விட்டார். திரும்பி வந்தபோது இரண்டு மில்லிமீற்றர் அளவில் பளிங்கு. அவர் வீட்டிலிருந்தால் தினமும் திறந்து பார்த்திருப்பார்.

வருகிறவை

எதிர்பார்ப்பது எது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தக் கரைசலில் லைசோசைம் ஒரு நாளுக்குள் வந்துவிடும். கற்கண்டுத் துண்டு போல, நாலு பக்கமும் சீராக, இரண்டு முனையும் கூரை போலச் சரிந்து இருக்கும். உப்பு கூடிய பக்கம் போகப் போகப் பளிங்கு சிறிதாகி எண்ணிக்கை கூடும். 10 சதவீதத்தில் மணல் தூவினது போலப் பொடிப்பொடியாகக் கிடக்கும். குறைந்த பக்கம் இரண்டு மூன்றுதான், ஆனால் பெரிதாக. இது வந்தால் சரி, கொப்பியில் எழுதிவிட்டுத் தேநீர் குடிக்கப் போகலாம்.

வராதபோது வருகிறவற்றில் முதலில் கண்ணில் படுவது வளையம். மேசையில் தேநீர் சிந்திக் காய்ந்தால் நடு வெளிறி ஓரம் கறுத்துக் கிடக்குமே, அதுதான். துளியின் ஓரத்தில் நீர் வேகமாக ஆவியாவதால், உள்ளே இருப்பதையெல்லாம் ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறது. 1997இல் காப்பிக் கறையை வைத்து இதை விளக்கினார்கள். நம் ஊரில் செய்திருந்தால் தேநீர்க் கறை என்றே பெயர் வந்திருக்கும். துளியில் வளையம் தெரிந்தால் புரதத்தைக் குறை சொல்லாதீர்கள், கிரீஸைப் பாருங்கள். எங்கோ ஓட்டை இருக்கிறது. அந்த ஓட்டையே பெரிதாகித் துளி முழுக்கக் காய்ந்துவிட்டால் பன்னத்தின் இலை வரும்: நடுவில் ஒரு தண்டு, இருபக்கமும் கிளை, கிளைக்குள் கிளை. பார்க்க அவ்வளவு அழகு. பிள்ளைகள் இதைத்தான் அதிகம் படமெடுத்து அனுப்புவார்கள். உப்புக் கரைசல் வேகமாகக் காய்ந்தால் இப்படித்தான் ஓடும். குழியின் கரைசலும் வற்றியிருந்தால் படிப்படியாகக் குழிந்த சதுரங்களும் தெரியும். அதுவும் உப்புதான்.

அடுத்தது எண்ணெய்ப் பொட்டு. வட்டமாக, ஓரம் கூர்மையாக, பெரிதும் சிறிதுமாக. ஊசியால் தொட்டால் உடையாது, ஊசி உள்ளே போய் வெளியே வரும். இரண்டு பொட்டு ஒன்றையொன்று தொட்டால் ஒன்றாகிவிடும். இது அழுக்கு இல்லை. துளிக்குள் இருக்கிற திரவமே புரதம் கூடியது, குறைந்தது என்று இரண்டாகப் பிரிந்திருக்கிறது. லைசோசைமில் குளிர் கூடும்போது இது நடக்கும். தூக்கி எறியாதீர்கள். சில நாள் கழித்துப் பொட்டின் ஓரத்திலிருந்தே பளிங்கு முளைத்ததைப் பார்த்திருக்கிறேன். முளைக்காவிட்டால் அடுத்த தட்டில் புரதத்தையும் உப்பையும் ஒரு படி இறக்குங்கள், அல்லது கொஞ்சம் சூடான இடத்தில் வையுங்கள்.

பாலாடை. பால் தேநீரை ஆறவிட்டால் மேலே ஒன்று சுருங்கிக்கொண்டு கிடக்கும் அல்லவா? துளியின் காற்றுப்படுகிற பக்கத்தில் புரதம் விரிந்து கெட்டு அதே மாதிரி ஒரு தோல் போடும். சுருக்கங்கள் கோடு கோடாக ஊசிப் பளிங்கு போலவே தெரியும். ஊசியால் ஒரு ஓரத்தை இழுத்தால் முழுத்தோலும் கூடவே வரும். பளிங்கு அப்படி வராது. பழைய புரதக் கரைசலில்தான் இது கூடுதலாக வரும்.

தொட்டாற்சுருங்கிப் பூ. வெளிநாட்டவர் இதைக் கடல் முள்ளெலி என்பார்கள். தேயிலை மலையில் நிற்கிற நமக்குக் கடல் எங்கே, முள்ளெலி எங்கே? பாதையோரத்து ஊதா நிறத் தொட்டாற்சுருங்கிப் பூவை நினைத்துக்கொள்ளுங்கள்: ஒரு நடுப்புள்ளி, எல்லாப் பக்கமும் மெல்லிய ஊசிகள். இது கிட்டத்தட்ட நல்ல செய்தி. புரதம் ஒழுங்காக அடுக்கிக்கொள்ள ஆசைப்படுகிறது, ஆனால் அவசரப்படுகிறது. அந்தக் குழிக்கும் அதற்கு இடது பக்கத்து மூன்றாம் குழிக்கும் நடுவில், உப்பை அரை அரைச் சதவீதமாகக் கூட்டி ஒரு புதிய நிரை வையுங்கள். விதை போடுவதும் உதவும், கடைசியில் சொல்கிறேன்.

கரி படிந்தது போல, பழுப்பு நிறத்தில், உருவமில்லாமல் கிடப்பது வீழ்படிவு. கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னப் பளிங்குகளும் பார்ப்பதற்கு இப்படித்தான் இருக்கும் என்பதால் அதையும் முனைவாக்கத் தாளுக்குள் (பளிங்கை மின்னவைத்துக் காட்டும் தாள், கீழே வரும்) ஒரு தடவை பார்த்துவிட்டே எறியுங்கள்.

மே மாதம் தென்மேல் பருவக்காற்று மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் இறங்கிவிட்டால் சுவரே பூஞ்சணம் பிடிக்கும், துளி எம்மாத்திரம். பூஞ்சண இழை ஊசி போல இருக்கும். ஆனால் வளையும், கிளைவிடும், நாளுக்கு நாள் நீளும், நுனியில் சில சமயம் உருண்டை வைக்கும். பளிங்கு வளையாது. மேலே வடியால் வடிக்கச் சொன்னது இதற்காகத்தான். பஞ்சு நூல், துணி நார், தலைமுடி இதெல்லாம் வைத்த நாளிலேயே இருக்கும். ஒரு வேடிக்கை, அந்த நூலைப் பிடித்துக்கொண்டே, கொடியில் பூத்தது போல வரிசையாகப் பளிங்கு வளர்ந்திருக்கும் சில தடவை. கரடுமுரடான எதுவும் கருவுக்கு இடம் கொடுக்கும். பிளாஸ்ரிக் கீறல் மேலும் அப்படியே கோடாக வரும்.

உப்பா, புரதமா?

இது தெரியாமல் நான் பட்ட அவமானத்தைச் சொல்கிறேன்.

கண்டியில் ஒரு ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்த காலம். லைசோசைம் இல்லை, வேறொரு நொதியம். மாதக்கணக்கில் வெறும் வீழ்படிவு. ஒரு திங்கட்கிழமை ஒரு குழியில் மட்டும் கண்ணாடி போல மூன்று பளிங்குகள். நீளமாக, பக்கங்கள் சரிந்து, ஒரு பெட்டியின் மூடி போல. இரண்டு மாதம் அதையே வைத்துப் பூசை செய்தோம். அதே நிலையில் நாற்பது துளி வைத்தோம், நாற்பதிலும் வந்தது! அந்தச் சந்தோசத்தில் ஊருக்குப் போனபோது தொலைபேசிப் படத்தை என் மச்சானிடம் காட்டினேன். அவர் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்பவர். பார்த்தார், சிரித்தார். "என்ன மச்சான், இத நாங்க தினமும் யூரின்ல பாக்கிறோமே!"

எங்கள் புரதக் கரைசலில் மக்னீசியம் இருந்தது. குழியில் அமோனியம் பொசுபேற்று. பி.எச். 8. மூன்றும் சேர்ந்தால் மக்னீசியம் அமோனியம் பொசுபேற்று விழும். சிறுநீரகக் கல்லில் வருகிற அதே உப்பு. புரதம் இல்லாமல் ஒரு துளி வைத்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். வைக்கவில்லை. நான்காவது நிரைக்கு நான் ஏன் இவ்வளவு கெடுபிடி செய்கிறேன் என்று இப்போது புரிகிறதா?

ஆகவே முதல் சோதனை அந்தப் புரதமில்லாத துளி. அதிலும் அதே உருவம் இருந்தால் கதை முடிந்தது.

இரண்டாவது முனைவாக்கத் தாள். இரண்டு துண்டு வேண்டும். உடைந்த கல்குலேட்டர் திரையின் மேல் ஒட்டியிருப்பதும் அதுதான், மெல்ல உரித்தெடுக்கலாம். ஒன்றை விளக்குக்கு மேலே, ஒன்றைக் கண்ணுக்குக் கீழே, ஒளி முழுக்க மறையும்வரை திருப்புங்கள். இருட்டில் பளிங்கு மட்டும் மின்னும், வீழ்படிவும் எண்ணெய்ப் பொட்டும் மின்னாது. புரதப் பளிங்கு மங்கலாக மின்னும். பெரும்பாலான உப்புகள் வானவில் போலப் பளீரென்று. இதில் இரண்டு குழி இருக்கிறது, விழாதீர்கள். சாப்பாட்டு உப்பு கனசதுரப் பளிங்கு என்பதால் மின்னவே மின்னாது. லைசோசைம் பளிங்கையும் அதன் நீண்ட அச்சு வழியாக நேராகப் பார்த்தால் இருட்டாகத்தான் இருக்கும். பிளாஸ்ரிக் தட்டு தானாகவே வண்ணம் காட்டும், ஆகவே கவர் சிலிப்பைத் தூக்கிக் கண்ணாடியில் வைத்துப் பாருங்கள்.

மூன்றாவது சாயம். புரதப் பளிங்குக்குள் ஏறக்குறையப் பாதி நீர்தான். மூலக்கூறுகளுக்கு நடுவே நீர் ஓடுகிற வழிகள் இருக்கின்றன. ஐதான மெதிலீன் நீலத்தில் அரை மைக்ரோலீற்றர் விட்டு ஒரு மணி நேரம் விடுங்கள். புரதம் நீலத்தைக் குடித்துத் துளியைவிடக் கறுப்பாகும். உப்புக்குள் சாயம் போக இடமே இல்லை, கண்ணாடியாகவே இருக்கும். சாயத்தைக் கூடுதலாக விட்டால் சாயமே நீல ஊசியாக விழுந்து இன்னொரு புதிரைக் கொடுக்கும்.

கடைசிச் சோதனை ஊசி. கடைசி என்பதற்குக் காரணம், அப்புறம் பளிங்கு இருக்காது. மெல்லிய ஊசி நுனியால் மெதுவாக அமுக்குங்கள். புரதம் ஈரமான கற்கண்டு போல, சத்தமில்லாமல் பொடிந்துவிடும். உப்பு எதிர்த்து நிற்கும், வழுக்கி ஓடும், உடைந்தால் விரலில் ஒரு "டிக்" தெரியும். அந்த நாற்பது துளியில் ஒன்றை மச்சானின் சிரிப்புக்கு அப்புறம்தான் தொட்டேன். டிக்.

நீர் விட்டுக் கரைகிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். லைசோசைம் கரையும், சாப்பாட்டு உப்பும் கரையும். எங்கள் சிறுநீரகக் கல் கரையவில்லை. தனியாக இதை நம்ப வேண்டாம்.

மலையும் வெப்பநிலையும்

வெளியூர்ப் புத்தகத்தில் "அறை வெப்பநிலை" என்று ஒரே சொல்லில் எழுதிவிடுவார்கள். எந்த அறை? கண்டி ஏறக்குறைய 500 மீற்றர் உயரம். பங்குனி, சித்திரை நடுப்பகலில் 30 பாகையைத் தொடும். நுவரெலியா 1,868 மீற்றர்; தை மாத விடியலில் புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடக்கிற நாள்களும் உண்டு. ஹற்றன் நடுவில். ஒரே செய்முறை மூன்று ஊரிலும் மூன்று விதமாக நடக்கும்.

லைசோசைம், உப்புக் கரைசலில், சூடு ஏறினால் கூடுதலாகக் கரையும். கற்கண்டுத் துண்டு போன்ற வடிவம் 20 பாகை அளவில் வரும். 25 பாகைக்கு மேலே போனால் வேறு அடுக்கு முறையில், செவ்வகக் கோல் போல வரத் தொடங்கும். அதுவும் லைசோசைம்தான், பயப்பட வேண்டாம். ஒரே பெட்டியில் இரண்டு வடிவமும் வந்தால் பகலில் ஒன்றும் இரவில் ஒன்றும் பிறந்திருக்கிறது என்று பொருள்.

போன வருடம் ஒரு பிள்ளை, கண்காட்சிக்காகத் தன் தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஹற்றனிலிருந்து கண்டிக்கு பஸ்ஸில் போனாள். மதியம் அழுதுகொண்டு எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"சேர், காலையில இருந்திச்சுங்க. இப்ப ஒன்னுமே இல்லீங்க. துளி மட்டும் இருக்குங்க."

"தட்டைக் கொட்டிறாத. குளிரான இடமாப் பாத்து வச்சிட்டு, நாளைக்குப் பாரு."

மறுநாள் பளிங்கு வந்தது. ஆனால் பழைய இரண்டு பெரிய துண்டுக்குப் பதிலாக நூறு பொடித்துண்டு. சூட்டில் கரைந்தது, குளிரில் ஒரேயடியாகக் கரு பிறந்தது. நடுவராக வந்தவருக்கு அந்த நூறும் பிடித்திருந்ததாம்.

இதற்கு மருந்து மீன் வண்டிக்காரரிடம் கிடைக்கிற ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பிளாஸ்ரிக்) பெட்டி. உள்ளே இரண்டு போத்தல் தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டால் வெப்பநிலை மெல்லத்தான் ஏறி இறங்கும். மின்வெட்டு நாளில் குளிர்பெட்டியைவிட இதுவே நம்பிக்கை. 2022இல் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் இல்லாத காலத்தில் எங்கள் தட்டுகள் பிழைத்தது இப்படித்தான். இன்னொன்று: குளிர்ந்த காலையில் கவர் சிலிப்பின் அடியில் பனி படர்ந்து பொட்டுப் பொட்டாக நிற்கும். அதைத் துளிகளின் குடும்பம் என்று ஒருவர் எழுதி வைத்திருந்தார். கண்ணாடி குழியைவிடக் குளிர்ந்துவிட்டதால் வந்த நீர் அது. பொட்டு துளியோடு சேர்ந்தால் துளி ஐதாகிப் பளிங்கு கரையும். நுவரெலியாப் பக்கம் இருப்பவர்கள் உப்பை ஒரு படி குறைத்தே தொடங்குங்கள், அங்கே 5 சதவீதமே பொடியாகக் கொட்டிவிடக்கூடும்.

விதை போடுவது

ஒரு நல்ல துளி கிடைத்ததும், அல்லது ஒரு தொட்டாற்சுருங்கிப் பூ கிடைத்தாலும் போதும், அதை அடுத்த தட்டுக்கு விதையாக்கலாம். பளிங்குள்ள துளியை அதே குழியின் கரைசல் 50 மைக்ரோலீற்றரில் எடுத்து, ஊசியால் நன்றாக நசுக்குங்கள். அதிலிருந்து பத்தில் ஒன்றாக நாலு தடவை ஐதாக்குங்கள். ஐதாக்கவும் குழிக் கரைசல்தான். வெறும் நீர் விட்டால் விதை கரைந்துபோகும்.

புதிய துளியை, தானாகப் பளிங்கு வராத அளவுக்கு உப்பைக் குறைத்து வைத்து, ஒரு நாள் விடுங்கள். அப்புறம் விதைக் கரைசலில் ஒரு முடியைத் தோய்த்துத் துளியின் குறுக்கே ஒரே ஒரு கோடு இழுங்கள். இதற்குப் பல ஆய்வுகூடங்களில் பூனை மீசையைப் பாவிக்கிறார்கள். நுனி மெல்லியதாக, விறைப்பாக இருக்கும். பூனையைப் பிடித்துப் பிடுங்காதீர்கள், அது படுக்கிற சாக்கில் உதிர்ந்து கிடப்பதைத் தேடுங்கள். மீசையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மதுசாரத்தில் தோய்த்துக் காயவைத்துவிட்டுப் பாவியுங்கள்.

நாலு ஐதாக்கலுக்கும் நாலு துளி, ஐந்தாவதாக விதையே தோய்க்காத முடியால் இழுத்த ஒரு துளி. மூடியில் திகதியும் நேரமும் எழுதி ரெஜிபோம் பெட்டிக்குள் வையுங்கள். முதல் பார்வை நாளைக்கு இதே நேரம். கொப்பியையும் பென்சிலையும் பெட்டிக்கு மேலேயே வைத்துவிடுங்கள்.